தோட்டா மருந்துக்கு ஒரு தராசு

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில் தராசு என்றாலே எனக்கு வயிற்றெரிச்சல். இருட்டோடு காட்டுக்குப் போய், மரம் மரமாகச் சீவி, கோப்பை கோப்பையாகப் பாலைச் சேர்த்து, வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வந்தால், அங்கே தொங்கும் தராசின் முள் என் பக்கம் ஒரு மயிரிழைகூட ஏறி நின்றதில்லை. கணக்கெழுதும் கிராணி முள்ளைப் பார்ப்பார், நான் கிராணியைப் பார்ப்பேன். "தண்ணி கலந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கொஞ்சம் குறைத்து எழுதுவார். எனக்குப் பின்னால் நிற்பவளுக்கும் அதே கேள்விதான்.

அப்படிப்பட்ட நானே என் வீட்டுக்காரருக்காக ஒரு நல்ல தராசு தேடிச் சிரம்பான் முழுக்க அலைந்தேன். பருப்பு நிறுக்கவோ மீன் நிறுக்கவோ இல்லை. தோட்டாவில் அடைக்கும் வெடிமருந்தை நிறுக்க.

எழுபதுகளின் கடைசி அது. தோட்டத்தில் பால்மரங்களைப் பகுதி பகுதியாகச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். நட்ட கன்றின் குருத்தைத் தின்னக் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வரும். ஒரு கூட்டம் புகுந்தால் ஒரு வரிசைக் கன்றும் போச்சு. அதற்காக ஆபீசில் ஒரு துப்பாக்கி இருந்தது. அதைச் சுட அனுமதி பெற்றிருந்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அவர் வெளிக்காட்டு மண்டோர், அதாவது அங்கே வேலை வாங்கும் கங்காணி. ஆள் ஒல்லி, வாய் குறைவு, குறி தப்பாது.

ஆனால் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது குறி இல்லை, கை. பன்றி விழுந்தால் அதை லயத்துக்குக் கொண்டுவந்து, கோயிலுக்குத் தள்ளி இருந்த மாமரத்தடியில் வெட்டிப் பங்கு போடுவார்கள். பங்கு போடுகிறவர் அவர்தான். இரண்டு தட்டுத் தராசில் ஒரு பக்கம் படிக்கல், ஒரு பக்கம் கறி. தட்டு நேராக நின்றதும், வேறொருவர் என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார். இவர் கொடுக்க மாட்டார். இன்னொரு துண்டை எடுத்துப் போடுவார். கறித் தட்டு 'ணங்' என்று கீழே இறங்கினால்தான் இலையில் கொட்டுவார்.

"மண்டோர் கைனா கைதான் லா" என்பார்கள் பெண்கள். ஸ்டோரில் கிராணி கழித்ததையெல்லாம் மாமரத்தடியில் இவர் திருப்பிக் கொடுப்பதாக அவர்களுக்கு ஒரு கணக்கு. கடைசியில் எங்கள் வீட்டுப் பங்குக்கு எலும்புதான் மிஞ்சும். நான் முணுமுணுப்பேன். "எடை நேரா நின்னா அது யாவாரம் புள்ள. எறங்கி நின்னாத்தான் குடுத்த மாதிரி" என்பார். அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அனேகமாக அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சின்னத் துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்பினார். அவருக்குச் சொந்தத் துப்பாக்கி இருந்தது. சுட்ட தோட்டாக் கூடுகளில் தானே மருந்து நிரப்பிக்கொள்வார். போகும்போது தோட்டா நிரப்பும் இரும்புச் சாமானையும் மருந்துத் தகரத்தையும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆபீசில் தோட்டாவை எண்ணி எண்ணித்தான் கொடுப்பார்கள். பன்றியோ எண்ணி வருவதில்லை. அதனால் இவருக்கு அது பெரிய பரிசு. வீட்டில் தோட்டா நிரப்ப அனுமதி கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆபீசில் உள்ளவர்களுக்கும் தெரியும். பன்றி செத்துக்கொண்டிருந்தவரை யாரும் கேட்கவில்லை.

சாமானில் ஒன்று மட்டும் குறைந்தது. துரையின் தராசு. அது முன்பே கீழே விழுந்து நசுங்கிவிட்டது. ஒரு தோட்டாவுக்கு மருந்து எவ்வளவு என்று துரை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கணக்கை நான் கேட்டுக்கொண்டதும் இல்லை, கேட்டிருந்தாலும் இங்கே எழுதப் போவதில்லை. குறைந்தால் குண்டு போய்ச் சேராது, கூடினால் துப்பாக்கி தாங்காது, அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. கூடினால் தாங்காது என்றதும் நான் எழுந்து உட்கார்ந்துகொண்டேன்.

"ஒரு கரண்டியில அள்ளிப் போட்டா ஆகாதா?" என்று கேட்டார் இவர்.

"ஆகாது. நான் தாலி கட்டிக்கிட்டது கரண்டிக்காக இல்ல. தராசு இல்லாம அந்தத் தகரத்தைத் தொறந்தீங்க, நான் தூக்கிட்டுப் போயி ஆத்துல கொட்டிருவேன்."

ஆக, சம்பளம் போட்ட மறுநாள் இருவரும் பஸ் ஏறினோம்.

முதலில் சிரம்பான் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீன மருந்துக்கடை. வேர், பட்டை, காய்ந்த பூ எல்லாம் நிறுக்க அவர்களிடம் கைக்கு அடக்கமான டாச்சிங் இருக்கும். மெல்லிய கோல், ஒரு முனையில் சின்னத் தட்டு, கோலில் நூலால் தொங்கும் குண்டு. கடைக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து நிறுத்த அழகைப் பார்த்து இவருக்கு ஆசை வந்துவிட்டது. நான் என் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து நிறுக்கச் சொன்னேன். பிறகு இவரை நிறுக்கச் சொன்னேன். பிறகு நான் நிறுத்தேன். மூன்று பேருக்கும் குண்டு மூன்று இடத்தில் நின்றது. பிடிக்கிற கையைப் பொறுத்து எடை மாறுகிற சாமான் நமக்கு எதற்கு? கடைக்காரர் என் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்து அதே ஊரில் லோபாக் என்ற இடத்தில் நகை செய்யும் பத்தர் ஒருவர். எங்கள் தாலிக்கு உருக்கிய கை. அவருடைய தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மூச்சு விட்டால் ஆடும். என்னத்துக்கு என்று கேட்டார். இவர் மழுப்பினார். தன் தராசைத் தர மாட்டேன், பழசு ஒன்று இருக்கிறது என்று உள்ளிருந்து எடுத்துவந்தார். ஸ்டோர் தராசைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு நான் மனதுக்குள் வைத்திருந்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பக்கம் காசு, மறுபக்கம் படிக்கல் வைத்துத் தட்டை நேராக்க வேண்டும். பிறகு இரண்டையும் பக்கம் மாற்றி வைக்க வேண்டும். அப்போதும் நேராக நின்றால் தராசு யோக்கியம். பத்தரின் பழசு மாற்றி வைத்ததும் சாய்ந்துவிட்டது.

"அதான் பழசுன்னு சொன்னேனே மா" என்றார் பத்தர்.

வெறுங்கையோடு திரும்பினோம்.   கரண்டியே போதும் என்று இவர் மறுபடி ஆரம்பித்துவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

கடைசியில் தராசு கிடைத்தது தோட்டத்துக்குள்ளேயே. ஸ்டோரை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. எங்கள் பாலில் கொஞ்சம் எடுத்துக் காயவைத்து, அதில் எவ்வளவு ரப்பர் தேறுகிறது என்று பார்க்கும் இடம். பால்மரம் குறைந்ததும் வேறொரு தோட்டத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டார்கள், அறையைப் பூட்டிவிட்டார்கள். அதில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசும், வெல்வெட் பெட்டியில் பித்தளைப் படிக்கற்களும் தூசி படிந்து கிடந்தன. "எடுத்துட்டுப் போங்க மண்டோரே, இனிமே இது யாருக்கு?" என்றார் கிராணி.

எத்தனை வருடம் என் பாலைக் குறை சொன்ன கூட்டத்தின் தராசு! அதை வீட்டு மேசையில் வைத்து, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்துச் சோதித்தேன். காசைப் பக்கம் மாற்றினேன். நேராக நின்றது. மோதிரத்தை மாற்றினேன். நேராக நின்றது. ஒரு தட்டில் தலைமுடி ஒன்றைப் போட்டேன், மெல்ல அசைந்தது. தராசு பொய் சொல்லவில்லை, எழுதினவர்தான் சொன்னார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"இது போதும். இத வச்சுச் செய்ங்க" என்றேன். உண்மையாகவே நிம்மதியாக இருந்தது.

அவரும் கவனமாகத்தான் செய்தார். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், பிள்ளைகளும் நானும் வெளியே இருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். முடித்துச் சாமானைப் பரணில் ஏற்றிய பிறகுதான் கதவு திறக்கும். பன்றிகள் விழுந்தன. மாமரத்தடியில் தட்டு இறங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லை.

அது நடந்த நாளில் அவருக்கு லீவு, எனக்கு வேலை. பகலில் அவர் தோட்டா நிரப்பிக்கொண்டிருக்கும்போது, ஜாகா ஓடிவந்து பள்ளத்துக் கன்றுகளில் பன்றி நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஜாகா என்றால் எங்கள் காவல்காரர். இவர் நிரப்பியதை எடுத்துக்கொண்டு, ஆபீசுக்குப் போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் ஸ்டோரில் வரிசையில் இருந்தேன். என் வாளியைத் தராசில் மாட்டியிருந்தேன். ஜாகா வந்தார். முகத்தில் இரத்தம், அவருடையது இல்லை.

"துப்பாக்கி வெடிச்சிருச்சு. மண்டோர லோரில ஏத்திட்டாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முள்ளைப் பார்த்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது. நின்றது. கிராணி எழுதினார். அன்றைக்கு அவர் ஒன்றும் கழிக்கவில்லை என்பதைக்கூடக் கவனித்தேன். வாளியை இறக்கி, பாலைத் தொட்டியில் ஊற்றி, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் நடந்தேன். யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உடம்புக்குள் எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. இன்றுவரை அது முழுதாகத் திரும்பி வரவும் இல்லை.

துப்பாக்கி பின்பக்கம் பிளந்திருந்தது. வலது கண் போய்விட்டது. குழலைத் தாங்கியிருந்த இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வலது கையில் ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மேசையில் எல்லாம் அப்படியே இருந்தது. அவசரத்தில் கண்ணாடிக் கூண்டை மட்டும் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஒரு தட்டில் பித்தளைப் படிக்கல். மறு தட்டில், அடுத்த தோட்டாவுக்காக நிறுத்த மருந்து. மருந்துத் தட்டு கீழே இறங்கி, அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கூண்டைத் திறக்காமல் வெகுநேரம் நின்றேன். தட்டு நேராக நின்ற பிறகு அவருடைய வலது கை விரல்கள் தகரத்துக்குள் போய் ஒரு சிட்டிகை எடுத்துவந்து போட்டிருக்கும். யோசித்துச் செய்திருக்க மாட்டார். மாமரத்தடியில் யோசித்தா செய்தார்? அங்கே ஒரு துண்டுக் கறி, இங்கே ஒரு சிட்டிகை மருந்து. சில நாள் சின்னச் சிட்டிகை, சில நாள் பெரியது. அந்தத் தராசு தலைமுடிக்கே அசையும். அடியைத் தொடும்வரை போட்டால் எவ்வளவு கூடியது என்று அதற்கே தெரியாது.  தட்டிலிருந்ததையும் தகரத்திலிருந்ததையும் தண்ணீர் வாளியில் கொட்டினேன். அவருடைய சட்டையையும் கைலியையும் மடித்துப் பையில் வைத்தேன்.

போலீசிலிருந்து துப்பாக்கியைப் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், மருந்து கூடிப்போயிருக்கிறது என்று. கட்டிலில் படுத்திருந்த இவர் அதைக் கேட்டார்.

"எப்படிக் கூடும்? ஒவ்வொண்ணா நிறுத்துத்தானே போட்டேன்?" பிறகு என்னைப் பார்த்தார். "புள்ள, அந்தத் தராசு சரியாத்தானே இருந்துச்சு?"

"பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன்.

தராசை லோபாக் பத்தரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தன்னுடைய படிக்கற்களை வைத்துப் பார்த்தார், மாற்றிப் பார்த்தார். "இத மாதிரி தராசு என்கிட்டயே இல்ல மா" என்றார். எனக்குத் தெரிந்த பதில்தான். இருந்தாலும் அவர் வேறு மாதிரி சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. திரும்பி வந்து, "சரியாத்தான் இருக்காம்" என்று மட்டும் சொன்னேன்.

"பத்தருக்கு என்ன தெரியும்? பழைய சாமான். அது ஏமாத்திருச்சு" என்றார் இவர்.

நான் மறுக்கவில்லை. அவருக்குக் கண் போனது. விரல் போனது. லைசன்ஸ் போனது, வழக்கு வந்தது, வேலையும் லயத்து வீடும் போயின. மிச்சம் இருந்தது அந்தக் கையின் பேர் ஒன்றுதான். பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தான் அழுதார்கள், இப்படிக் குடுத்த கைக்கு இப்படி ஆயிருச்சே என்று. அந்தக் கைதான் செய்தது என்று எந்த வாயால் சொல்வது? அது நல்லதா கெட்டதா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சிரம்பானுக்குப் பக்கத்தில் மம்பாவில் ஒரு வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்துச் சின்ன மளிகைக் கடை வைத்தோம். அரிசி, பருப்பு, சீனி, கருவாடு. கடைக்கென்று ஒரு தராசு வாங்கினோம். அந்தக் கண்ணாடிக் கூண்டு துணி சுற்றி அலமாரிக்கு மேலே போயிற்று. இவர் அதை எறியச் சொன்னார், நான் எறியவில்லை. யார் வந்தாலும் கண்ணைப் பற்றிக் கேட்பார்கள், இவரும் சொல்வார்: "தராசு ஏமாத்திருச்சுங்க." சொல்லிக்கொண்டே சீனி நிறுப்பார். தட்டு நேராக நிற்கும். வலது கை மூட்டைக்குள் போகும். தட்டு 'ணங்' என்று இறங்கும். வருடக்கணக்காக அதைக் கேட்டேன். முதலில் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அதுவும் விட்டுப்போயிற்று.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், கடைத் தராசுகளைச் சோதிக்கிற அதிகாரி வந்தார். நம்ம தமிழ்ப் பையன், சின்ன வயது, நல்ல மரியாதை. தராசைப் பார்த்து முத்திரை வைத்தார். பிறகு நாங்கள் முன்கூட்டியே நிறுத்துக் கட்டிவைத்திருந்த சீனிப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்து நிறுத்தார். இன்னொன்றை நிறுத்தார். வரிசையாக நிறுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன அங்கிள், எல்லாக் கடையிலயும் கொறச்சுப் போடுவாங்க, நான் புடிப்பேன். இங்க எல்லாப் பாக்கெட்டும் கூட இருக்கு லா. ஒண்ணுகூடச் சரியா இல்ல."

"தராசு கோளாறா தம்பி?" என்றார் இவர்.

"தராசுல ஒரு தப்பும் இல்ல அங்கிள். உங்க கைதான் கூடப் போடுது."

அந்தப் பையன் அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னான். நான் கருவாட்டுக் கூடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.  பையன் சொல்லிக்கொண்டு போனான்.

பொழுது சாயும்போது கடைப் பலகையை எடுத்து வைத்தோம். இவர் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அத எறக்கு."

இறக்கிக் கொடுத்தேன். துணியை அவிழ்த்து, கூண்டைத் திறந்து, ஒரு தட்டில் பித்தளைப் படிக்கல்லை வைத்தார். மறு தட்டில் கரண்டியால் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். இரண்டும் ஆடி ஆடி நேராக நின்றன. கரண்டியைக் கீழே வைத்தார். வலது கை சீனிக் கிண்ணத்துக்குள் போனது. இரண்டு விரலில் ஒரு சிட்டிகையோடு தட்டுக்கு மேலே வந்து நின்றது. அதை அவர் மூன்று விரல் மிஞ்சிய இடது கையால் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் சீனி மேசையெல்லாம் சிந்தியது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னைக்கே. துணி எடுக்க வந்தப்ப."

தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. எனக்கு ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன், அதுவும் தோன்றவில்லை. சிந்திய சீனியை மேசையிலிருந்து வழித்து எடுத்தேன்.

மறுநாளிலிருந்து நிறுப்பது நான். இவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசுவார், சில்லறை கொடுப்பார். தராசு ஏமாற்றிவிட்டது என்று அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. நான் போட்டால் தட்டு நேராக நிற்கும். பழைய தோட்டத்து ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு நாள் என்னோடு மரம் சீவிய அக்கா ஒருத்தி வந்து பருப்பு கேட்டாள். தட்டைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"என்ன மண்டோரே, இவ கிராணிய விட மோசமா இருக்கா. நீங்க எந்திரிச்சு வந்து ஒங்க கையால போடுங்க."

"வேணாங்கா" என்றார் இவர். வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். "அவ போடுறதுதான் சரி."